‘நான் கேட்டேனா?’ என்று திருப்பிக் கேட்கும் மகன்

கேள்வி: எனக்கு வயது 43. வேலைக்குப் போகிறேன். மகனுக்கு 14 வயது, மகளுக்கு 9. பிள்ளைகளுக்கு நன்றியுணர்வு வரவேண்டும் என்பதற்காக, தினமும் படுக்கப் போகும் முன் மூன்று விஷயங்களுக்கு நன்றி எழுதச் சொல்லி ஆளுக்கொரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். முதல் வாரம் ஆசையாக எழுதினார்கள். இப்போது மகள் தினமும் ‘அம்மா, அப்பா, பென்சில்’ என்று அதையே எழுதுகிறாள். மகன், ‘இந்த நோட்டு சீக்கிரம் தீர்ந்துபோகப் போவதற்கு நன்றி’ என்று எழுதி வைத்திருக்கிறான். போன வாரம் கணக்கில் அவனுக்கு மார்க் குறைந்துவிட்டது. ‘உனக்காக எவ்வளவு செய்யறேன், கொஞ்சமாவது நன்றி இருந்தா படிச்சிருப்பே’ என்றேன். ‘நான் கேட்டேனா?’ என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அப்போதிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கணவர் நல்லவர்தான், ஆனால் இதிலெல்லாம் தலையிடமாட்டார். பிள்ளைகளுக்கு நன்றியுணர்வை எப்படிக் கற்றுத்தருவது? (காலையிலிருந்து இரவுவரை ஓடுகிறேன், என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஆனால் நான் கேட்பது பிள்ளைகளைப் பற்றித்தான்.)

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகனின் வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். கிண்டல்தான். ஆனாலும் அன்றைக்கு மனதில் பட்டதை எழுதியிருக்கிறான். கடமைக்கு மூன்று வார்த்தை கிறுக்கிவிட்டுப் படுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

நோட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் நிஜமான ஆய்வு இருக்கிறது. 2003இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களைப் பிரித்து, ஒரு பிரிவினரை நன்றிக்குரிய விஷயங்களையும் இன்னொரு பிரிவினரைத் தொல்லை கொடுத்த விஷயங்களையும் எழுதச் சொன்னார்கள். பத்து வாரம் கழித்துப் பார்த்தால், தொல்லைகளை எழுதியவர்களைவிட நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றித் திருப்தியாக இருந்தார்கள். ஆனால் அவர்கள் எழுதியது வாரத்துக்கு ஒருமுறை. இதை எடுத்துச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள். பிறகு சோன்யா லுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளரின் குழு வாரம் ஒருமுறை எழுதுகிறவர்களையும் மூன்று முறை எழுதுகிறவர்களையும் ஒப்பிட்டபோது, ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. அடிக்கடி செய்தால் எதுவும் மரத்துப்போகும். வளரும் பிள்ளைகளிடம் தினமும் எழுதவைத்துப் பலன் கண்ட ஆய்வும் உண்டு. அது இரண்டே வாரத்தில் முடிந்த வகுப்பறைப் பயிற்சி. நீங்கள் நோட்டு தீரும்வரை என்று வைத்திருக்கிறீர்கள். ஆகவே நிறுத்திவிடுங்கள். மகள் ஆசைப்பட்டால் வாரத்துக்கு ஒருநாள் எழுதட்டும். மகனுக்கு அதுவும் வேண்டாம்.

மகளின் பென்சிலை மட்டும் விட்டுவிடாதீர்கள். தினமும் அது ஏன் வருகிறது என்று கேட்டீர்களா? யாரோ கொடுத்ததாக இருக்கலாம், தொலைந்து கிடைத்ததாக இருக்கலாம். சும்மா கண்ணெதிரே கிடப்பதாகவும் இருக்கலாம், அது வேறு விஷயம். கேட்டுப் பாருங்கள். ‘அதை யார் குடுத்தா? அவங்களுக்கு வேண்டியிருந்திருக்காதா? ஏன் உனக்குக் குடுத்தாங்க?’ 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு இதே வழியில் ஜெஃப்ரி ஃப்ரோ என்பவரின் குழு பயிற்சி கொடுத்திருக்கிறது. ஒருவர் நமக்கு ஏதாவது செய்தால், வேண்டுமென்றே நினைத்துச் செய்தாரா, அதற்காக எதை விட்டுக்கொடுத்தார், நமக்கு அதனால் என்ன கிடைத்தது என்று யோசிக்கப் பழக்குவது. அப்படிப் பழகிய பிள்ளைகளிடம் நன்றியுணர்வு கூடியது. எழுதச் சொன்னால் பட்டியல்தான் வரும். கேட்டால் கதை வரும்.

இப்போது மகன். நீங்கள் சொன்ன அந்த வாக்கியத்துக்கு வருவோம்: ‘உனக்காக எவ்வளவு செய்யறேன், கொஞ்சமாவது நன்றி இருந்தா...’ இதைச் சொல்லாத பெற்றோர் குறைவு. களைப்பில் வாயிலிருந்து தானாக வந்துவிடும். ஆனால் அவன் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? இதுவரை அன்பு என்று நினைத்து வாங்கிக்கொண்டதெல்லாம் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது, இன்றைக்கு வசூலுக்கு வந்துவிட்டார்கள் என்றுதான். கடன்காரன் வாசலில் நின்றால் எல்லாரும் சொல்வதைத்தான் அவனும் சொல்லியிருக்கிறான்: நான் கேட்டேனா?

பிலிப் வாட்கின்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2006இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். ஒருவர் உதவி செய்கிறார் என்று ஒரு சூழ்நிலையைச் சொல்லி, ‘உங்கள் மனதில் என்ன தோன்றும்?’ என்று கேட்டார்கள். உதவியவர் பதிலுக்கு எதிர்பார்ப்பது கூடக்கூட, கடன்பட்ட உணர்வு ஏறியது, நன்றியுணர்வு இறங்கியது. இரண்டும் ஒன்று என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் கடன்பட்டவன் ஒதுங்கிப் போவான், நன்றியுள்ளவன்தான் கிட்டே வருவான். உங்கள் மகன் எந்தப் பக்கம் போனான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அதனால் அந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காக உட்காரவைத்துப் பெரிய பேச்செல்லாம் வேண்டாம். வண்டியில் போகும்போதோ, இருவரும் ஏதோ வேலையாக இருக்கும்போதோ, முகத்தைப் பார்க்காமலே சொல்லலாம். ‘அன்னிக்கு மார்க்கையும் நான் உனக்குச் செய்யறதையும் சேர்த்துப் பேசினேன். அது தப்பு. நான் செய்யறது உன் மார்க்குக்காக இல்லடா.’ அவ்வளவுதான். ‘ஆனா நீயும் கொஞ்சம்...’ என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும், அதை விழுங்கிவிடுங்கள். அவன் பதில் சொல்லாமல் இருந்தால் பரவாயில்லை.

கணக்கு மார்க்கைத் தனியாகப் பாருங்கள். நன்றியுணர்வு கூடினால் பிள்ளை தன் பள்ளியை இன்னும் கொஞ்சம் விரும்பலாம், கணக்கு தானாக வந்துவிடாது. அதற்குப் படிக்கும் முறையைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் தீர்த்த கணக்கையே திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, ‘புரிஞ்சிடுச்சு’ என்று எழுந்துவிடுவார்கள். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மறுபடி படித்த மாணவர்களும், படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவர்களும் இருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மறுபடி படித்தவர்கள்தான் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. அது உரைநடைப் பகுதியில் செய்த சோதனை என்றாலும், கணக்குக்கும் இதைத்தான் சொல்வேன்: நோட்டை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் முதல் வரியிலிருந்து போட்டுப் பார்க்கட்டும். எங்கே நின்றுபோகிறான் என்பது அவனுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று தூக்கம். 13 முதல் 18 வயதுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் சொன்னது. அவன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. மார்க்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

இப்படித் தனித்தனியாகப் பிரித்துவிட்டால், நன்றி சொல்ல உங்களுக்கே ஒரு நல்ல இடம் கிடைக்கும். அவன் தாளை ஒருநாள் கையில் எடுத்தால் மார்க்கைப் பார்க்காமல் உள்ளே பாருங்கள். எங்கேயாவது நாலு வரி போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் மறுபடி தொடங்கியிருப்பான். அந்த இடத்தில் விரலை வைத்து, ‘இது தப்பாப் போகுதுன்னு எப்படிடா கண்டுபிடிச்சே?’ என்று கேளுங்கள். ‘நீ புத்திசாலிடா’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், ஆனால் அது நிற்காது. 1998இல் வெளியான ஆய்வில் முல்லர், ட்வெக் என்ற இரு உளவியலாளர்கள் பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகளிடம் இதைப் பார்த்தார்கள். புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள், அடுத்து வந்த கடினமான புதிர்களில் சறுக்கியதும் சுருண்டுவிட்டார்கள். ‘நல்லா முயற்சி பண்ணே’ என்ற பாராட்டைக் கேட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். அடித்துத் திருத்திய அந்த வரியைப் பற்றி நீங்கள் கேட்டால், அவன் விளக்கத் தொடங்குவான். உங்களுக்குப் புரியாவிட்டால் ‘மறுபடி சொல்லு’ என்று கேளுங்கள். தங்கைக்குப் பின்னக் கணக்கு வரவில்லையென்றால் அவனையே சொல்லித்தரச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்கும்போது நினைவிலிருந்து எடுக்கவேண்டியிருப்பதால் அதுவும் படிப்புதான். முடித்ததும், ‘அவளுக்குப் புரியற மாதிரி பொறுமையாச் சொன்னே’ என்று அவன் செய்ததைச் சொல்லி நன்றி சொல்லுங்கள். ‘எனக்கு ஒரு வேலை மிச்சம்’ என்று சொன்னால் அது உங்களைப் பற்றிய பேச்சாகிவிடும். வீட்டில் நன்றி என்பது கீழிருந்து மேலே மட்டும் போகிற வரியாக இருக்கும்வரை எந்தப் பிள்ளையும் அதை மனதாரக் கட்டாது. பெரியவர்கள் தனக்குச் சொல்லிக் கேட்ட பிள்ளைக்குத்தான் அது வாயில் வரும்.

ஒரு எச்சரிக்கை. முகம் கொடுத்துப் பேசாதது ஒரு சண்டைக்குப் பின்னால் இந்த வயதில் சகஜம்தான். ஆனால் அது இரண்டு வாரம் தாண்டியும் நீண்டு, தூக்கமும் சாப்பாடும் மாறி, நண்பர்களையும் பிடித்த விளையாட்டையும்கூட விட்டு ஒதுங்கினால், அது நன்றி கெட்டதனமும் இல்லை, திமிரும் இல்லை. அப்போது மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நன்றிப் பயிற்சிகளால் கிடைக்கும் பலன் கொஞ்சம்தான் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ‘உனக்கென்ன குறை, இருக்கிறதை நினைச்சுச் சந்தோஷப்படு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இனி, நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதிய இரண்டு வரி. பிள்ளைகளைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ கடிதமே அந்த இரண்டு வரிதான் என்று படுகிறது. நோட்டு வாங்கியதில்கூட, இதில் ஒருநாளாவது ‘அம்மா இன்னிக்கு இதைச் செஞ்சாங்க’ என்று யாராவது எழுதமாட்டார்களா என்ற எதிர்பார்ப்பு கொஞ்சம் இருந்திருக்கும். இருந்தால் தப்பே இல்லை. ஆனால் அதை 14 வயதுப் பையனிடம் கேட்கக் கூடாது. கேட்கவேண்டிய ஆள் ‘இதிலெல்லாம் தலையிடமாட்டார்’ என்று நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன உங்கள் கணவர்.

அவர் கவனிக்காமல் இருப்பது அன்பு இல்லாததால் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1979இல் ராஸ், சிகோலி என்ற இருவர் கணவன் மனைவியைத் தனித்தனியாக உட்காரவைத்து, வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். பெரும்பாலான தம்பதிகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் நூறைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. தான் செய்தது தனக்கு நினைவில் நிற்கிறது, அடுத்தவர் செய்தது கண்ணிலேயே படுவதில்லை. உங்கள் வேலையில் பாதி, பார்த்தாலும் தெரியாத வகை. பள்ளிப் படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டிய கடைசி நாள், தீரப்போகிற மாத்திரை, மகளுக்குச் சின்னதாகிவிட்ட காலணி, இதையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பதும் வேலைதான். அதை யாரும் பார்க்க முடியாது.

அதனால் குறிப்பால் உணர்த்திக்கொண்டிருக்காதீர்கள், பெருமூச்சு விட்டுக் காட்டாதீர்கள். பிள்ளைகள் தூங்கியபின் ஒரு தாளை எடுத்து, ஒரு வாரத்தில் இந்த வீட்டில் நடக்கிற வேலைகளை இருவரும் சேர்ந்து எழுதுங்கள். ஞாபகம் வைத்திருக்கும் வேலைகளையும் சேர்த்து. அவர் செய்வதில் உங்கள் கண்ணில் படாததும் இரண்டொன்று வெளியே வரும், அதற்கும் தயாராக இருங்கள். பிறகு நேராகவே சொல்லுங்கள்: ‘நான் செய்யறதை நீங்க பாக்கறீங்கன்னு எனக்குத் தெரியணும். பசங்க முன்னாடி சொல்லுங்க.’ கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். வாங்கிப் பாருங்கள், அப்படி ஒன்றும் ருசி குறைவதில்லை. அவருக்கும் முதலில் கூச்சமாக இருக்கும். மனதில் இருக்கும் நன்றியை எழுதிக் கொடுத்தால் எதிராளி சங்கடப்படுவார் என்று நாம் மிகையாக எண்ணிக்கொள்கிறோம், அவர் எவ்வளவு மகிழ்வார் என்பதைக் குறைத்து எண்ணுகிறோம் என்று குமார், எப்லி என்ற இரு ஆய்வாளர்களின் 2018 ஆய்வு காட்டியது. இதை அவரிடமே சொல்லலாம்.

நன்றியோடு நிறுத்தவும் வேண்டாம். உங்களுக்கு இருப்பது மனக்குறை மட்டுமில்லை, உடம்புக் களைப்பும்தான். ‘நீ இல்லாட்டா இந்த வீடே இல்லைம்மா’ என்று உருகிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்கிறவரைவிட, வாயே திறக்காமல் துணி மடித்து வைக்கிறவர்தான் என் பார்வையில் ஒரு படி மேல். அந்தத் தாளிலிருந்து இரண்டு வேலைகளை முழுசாக அவர் பெயருக்கு மாற்றுங்கள், ஞாபகம் வைத்திருப்பதும் அவர் பொறுப்பாக. ஒன்று மகனோடு சேர்ந்து செய்கிற வேலையாக இருந்தால் நல்லது. முதல் வாரம் மறந்துவிடுவார். மறக்கட்டும், நீங்கள் எடுத்துச் செய்துவிடாதீர்கள்.