கோத்தகிரி லாங்வுட் சோலைக்குப் போனால் விலங்குகளைப் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் முதுமலை சஃபாரி மாதிரி எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். நான் மேட்டுப்பாளையத்துக்காரன், இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை சுத்த வீண்: நண்பர்கள் ஆறு பேர், ஆளுக்கொரு கலரில் ஜெர்கின், ஓயாத பேச்சு, ஒரு மலையணிலின் வால்கூடக் கண்ணில் படவில்லை. அட்டைகள் மட்டும் பாரபட்சம் இல்லாமல் எல்லோரையும் கவனித்துக்கொண்டன.

அடுத்து ஒரு நவம்பரில் நானும் என் தம்பியும் மட்டும், கூட வழி தெரிந்த உள்ளூர் அண்ணன் ஒருவர். சாலையில் நல்ல வெயில், சோலைக்குள் பத்து அடி வைத்ததும் சாயங்காலம் மாதிரி ஆகிவிட்டது. மரங்கள் ஒன்றும் வானளாவ இல்லை. மலைக்காற்றிலும் குளிரிலும் வளர்ந்தவை, முறுக்கிக்கொண்டு, குடை பிடித்த மாதிரி தலை ஒட்டி, உடம்பெல்லாம் பாசி. ஊட்டி என்றதும் நம் ஞாபகத்துக்கு வருகிற கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்) ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டவை, நீலகிரியின் சொந்தக் காடு இப்படித்தான் இருக்கும்.

இடம் சின்னதுதான், சுமார் 116 ஹெக்டேர், சுற்றிலும் தேயிலையும் ஊர்களும். இதை 2024இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். ஏரி, குளம் என்றால் சரி, காட்டை எதற்கு அதில் சேர்க்கிறார்கள் என்று கேட்டேன். அண்ணன் பதில் சொல்லாமல் குனிந்து, காலடியில் மக்கிக்கிடந்த இலையை ஒரு கை அள்ளிப் பிழிந்தார். மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது, விரலிடுக்கில் தண்ணீர் சொட்டுச்சொட்டாக வடிந்தது. "இதுதான் தம்பி கீழ இருக்கற ஊருக்கெல்லாம் போகுது" என்றார்.

பறவை பார்க்க வாயை மூடிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நீலகிரி சிரிப்பான் கண்ணுக்குத் தெரியுமுன் சத்தம் வந்துவிடும், யாரோ நாலு பேர் நம்மைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. ஆரஞ்சு உடம்பும் கறுப்புத் தலையும் கறுப்பு இறக்கையுமாக ஓர் ஈப்பிடிப்பான், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு, புதருக்குள் தாழ்வான கிளையில் உட்கார்ந்திருந்தது. நாங்கள் ரொம்ப நேரம் பார்த்தோம், அதுவும் எங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பும்போது அண்ணன் சட்டென்று கையை நீட்டி மறித்தார். "மாடு". எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம்தான், செடிகளுக்கு அடியில் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி நாலு கால். அதற்கு மேலே இருட்டு என்று நினைத்தது முழுக்கக் காட்டெருமையின் உடம்பு! முப்பது அடிகூட இருக்காது. போனை எடுக்கப்போன தம்பியின் கையைப் பிடித்து அமுக்கிவிட்டு, அப்படியே பின்னால் நடந்து வேறு வழியாக வந்தோம். போட்டோ கேட்காதீர்கள், இல்லை.

வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக வேண்டாம். காலையிலேயே போய்விடுங்கள். மழைக்காலம் என்றால் பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகி, ஒரு பொட்டலம் உப்பும் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையைப் பிய்த்து எடுத்த பிறகும் ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, அது வழக்கம்தான், பயப்பட வேண்டாம்.