சரண்டர் பணத்தை நம்பி சீட்டு போடலாமா?

கேள்வி: சார் வணக்கம். நான் குரூப் 4 எழுதி 2015ல வேலைக்கு வந்தவ. எங்க செக்‌ஷன்ல நாலு பேர் பாக்குற வேலைய இப்போ ரெண்டு பேர் பாக்குறோம், ரிட்டயர் ஆனவங்க இடத்துக்கு ஆளே வரல, பிரிண்டருக்கு டோனர் ரீஃபில் பண்ணக்கூட அலாட்மென்ட் (நிதி ஒதுக்கீடு) இல்லனு போன மாசம் நாங்களே ஆளுக்கு நூறு ரூபா போட்டோம். டீ குடிக்கப் போனா எல்லாரும் ஒரே பேச்சு, கவர்மென்ட்ல காசு இல்ல, மறுபடி டி.ஏ.வ (அகவிலைப்படி) நிறுத்துவாங்க, அடுத்து சம்பளத்துலயே கை வைப்பாங்கனு. நான் லோன் போட்டு வீடு கட்டிட்டு இருக்கேன், கான்கிரீட் போட்டாச்சு, பூச்சு வேலைக்காக, எடுக்காத லீவ ஒப்படைச்சு வாங்குற சரண்டர் பணத்தையும் டி.ஏ. அரியரையும் கணக்குல வச்சு ரெண்டு லட்ச ரூபா சீட்டு ஒண்ணு சேர்ந்துட்டேன். வீட்டுக்காரருக்கு பிரைவேட் வேலை. பயப்படணுமா வேண்டாமா சார்?

— பேர் போடாதீங்க, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சம்பளத்துக்குப் பயப்படாதீங்க தங்கச்சி, சரண்டருக்குப் பயப்படுங்க.

கொரோனா வந்த 2020ஐ நினைச்சுப் பாருங்க. தெலங்கானாவுல மார்ச் மாச சம்பளத்துல பாதியப் புடிச்சாங்க, கேரளாவுல மாசம் ஆறு நாள் சம்பளம்னு அஞ்சு மாசம் புடிச்சு வச்சாங்க. நம்ம ஊர்ல மாசக் கடைசியில சம்பளம் முழுசா வந்துச்சு. ஆனா ஏப்ரல் கடைசியில ஜி.ஓ. (அரசாணை) வந்துச்சு பாத்தீங்களா, டி.ஏ. மூணு தவணை கட், ஈ.எல். (ஈட்டிய விடுப்பு) சரண்டர் "ஒரு வருஷத்துக்கு" நிறுத்திவைப்பு. அடுத்த மாசமே ஆபீஸ் செலவுல 20 சதவீதம் வெட்டு, புது போஸ்ட் கிடையாது, ரிட்டயர்மென்ட் வயசு 58லேர்ந்து 59, மறுவருஷம் அது 60 ஆச்சு. வயச ஏத்தினதுல சந்தோஷப்பட்டவங்க நிறைய பேர், கிராஜுவிட்டிய தள்ளிப்போடத்தான் இதுன்னு எங்க ட்ரஷரி ஆளுங்க அன்னைக்கே சொன்னோம்.

அந்த "ஒரு வருஷம்" எத்தனை வருஷம் ஆச்சுனு உங்களுக்கே தெரியும். 2021ல இன்னொரு வருஷம்னாங்க, அப்புறம் மறு உத்தரவு வரும்வரைன்னாங்க, 2025 மார்ச் பட்ஜெட்ல 2026 ஏப்ரல்லேர்ந்து தர்றோம்னாங்க, ஏப்ரல் கடைசியில சட்டசபையில 110 விதியில அறிவிச்சு அத முன்னாடி இழுத்து 1.10.2025ன்னாங்க. அஞ்சு வருஷத்துக்கும் மேல! சுமார் 8 லட்சம் பேருக்கு 15 நாள் சரண்டர் குடுக்க வருஷத்துக்கு 3,561 கோடி ஆகும்னு சட்டசபையிலயே சொன்னாங்க, அப்படினா கஜானா இறுகும்போது மொதல்ல எந்தக் குழாய அடைப்பாங்கனு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

டி.ஏ. கதையும் அதேதான், கொஞ்சம் நைசா நடக்கும். சென்ட்ரல் ஆளுங்களுக்கு 31 சதவீதம் 1.7.2021லேர்ந்து கிடைச்சுது, நமக்கு 17லேர்ந்து 31க்கு ஏத்தினது 1.1.2022லேர்ந்துதான். அப்போ உங்க பேசிக் 24,000னு வச்சுக்கங்க, 14 சதவீதம்னா 3,360, ஆறு மாசத்துக்கு 20,160 ரூபா போச்சு. யாரும் உங்க சம்பளத்த வெட்டல, தேதிய மட்டும் நகத்தினாங்க, அதனால பே ஸ்லிப்ப எவ்ளோ உத்துப் பாத்தாலும் இந்த இருபதாயிரம் அதுல தெரியாது.

கவர்மென்ட்டும் காசு இல்லனு சும்மா சொல்லல. 2021 ஆகஸ்ட் 9ஆம் தேதி மாநில நிதி நிலைமை பத்தி வெள்ளை அறிக்கை வந்தப்போ ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபா கடன்னு கணக்கு சொன்னாங்க. நம்ம சம்பளம், பென்ஷன், கடனுக்கு வட்டி, இந்த மூணுமே பெருசு. வட்டிய நிறுத்த முடியாது, பென்ஷன்ல கை வச்சா ஓட்டு போயிடும், மிச்சம் நம்மதான். ஆனா சம்பளத்தோட அடிப்படையில கை வைக்க எந்த கட்சிக்கும் தைரியம் வராதுனு நான் அடிச்சுச் சொல்றேன், 2003 அதுக்கு சாட்சி.

நான் அப்போ ஒரு சப் ட்ரஷரியில அசிஸ்டென்ட். சலுகைகள வெட்டினாங்கனு ஜூலை ஆரம்பத்துல ஸ்ட்ரைக்கு போனோம், அம்மையார் ஜெயலலிதா டெஸ்மா (ஸ்ட்ரைக்க தடுக்கற சட்டம்) போட்டு சுமார் 1,70,000 பேர ஒரே அடியா டிஸ்மிஸ் பண்ணாங்க. என் ஆர்டர குடுக்க வந்த பியூன் என் கூடவே டீ குடிக்கிறவன், வாசல்ல செருப்ப கழட்டாம நின்னு "அண்ணே கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னான், கண்ண நிமித்தி பாக்கல. அன்னைக்கு சாயங்காலமே என் வீட்டம்மா தாலிக்கொடிய மட்டும் விட்டுட்டு மத்தத எல்லாம் அடகுக் கடைக்கு எடுத்துட்டுப் போனா. அப்புறம் நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்து உள்ள போனேன், எழுதினது அசிங்கமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. மறுவருஷ பார்லிமென்ட் எலெக்‌ஷன்ல அவங்க கட்சிக்கு ஒரு சீட்டு கூட கிடைக்கல, அதுக்கப்புறம் நிறைய நடவடிக்கைய வாபஸ் வாங்கினாங்க. அந்த பயம் எல்லா கட்சிக்கும் இன்னும் இருக்கு.

சரி, உங்க சீட்டுக்கு வர்றேன். மாசத் தவணைய வெறும் டேக் ஹோம்லேர்ந்து கட்ட முடியுமானு ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க, சரண்டர், அரியர், போனஸ் எதையும் சேக்காம. முடிஞ்சா ஓட்டுங்க. முடியலனா இப்பவே சீட்டுக்காரர்கிட்ட பேசி பாதிச் சீட்டா மாத்திக்கங்க, பூச்சு வேலை உள்பக்கம் மட்டும் முடிச்சுட்டு குடி போங்க, வெளிப்பூச்சு ரெண்டு வருஷம் பொறுத்தா சுவரு ஒண்ணும் கோச்சுக்காது. சரண்டர் வந்தா அன்னைக்கு சிமெண்ட் வாங்கிக்கலாம். சி.பி.எஸ்.ல (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) போட்ட பணத்த அவசரத்துக்கு எடுக்கலாம்னு மட்டும் நினைச்சுடாதீங்க, ஜி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) மாதிரி அதுல அட்வான்ஸ் கிடையாது.

டோனருக்கு கைக்காச போட்டீங்க இல்ல, அத நிறுத்துங்க. அலாட்மென்ட் வேணும்னு லெட்டர் போட்டு ஆபீஸ் காப்பியில நம்பர் வாங்கி வைங்க. நீங்க நூறு நூறா போட்டு ஓட்டிட்டா மேல இருக்கறவங்க கணக்குல அந்த ஆபீஸ் டோனரே இல்லாம ஓடுதுனுதான் இருக்கும், அடுத்த வருஷமும் அந்த ஹெட்ல (செலவுத் தலைப்புல) பைசா வராது.

கேள்வி: அரசாணை 56, 115னு யூனியன் மீட்டிங்ல பேசுறாங்களே, என்ன சார் அது?

— புதுசா சேர்ந்த இளநிலை உதவியாளர், கரூர்

பதில்: 56 வந்தது 2018 பிப்ரவரியில, தேவையில்லாத போஸ்ட் எது, எதை அவுட்சோர்சிங்ல விடலாம்னு பாக்க ஆதிசேஷய்யா தலைமையில போட்ட கமிட்டி. 2019 ஜனவரியில அரசு ஊழியர், ஆசிரியர் பண்ண ஸ்ட்ரைக்குல அத ரத்து பண்ணச் சொன்னதும் ஒரு கோரிக்கை. 115 வந்தது 2022 அக்டோபர்ல, கிட்டத்தட்ட அதே மாதிரி வேலை, எதிர்ப்பு கிளம்பினதும் மறுமாசமே அதோட ஆய்வு வரம்பை ரத்து பண்ணிட்டாங்க.

உங்க போஸ்ட்ட நாளைக்கே தூக்கிடுவாங்கனு அர்த்தம் இல்ல. ரிட்டயர் ஆனவர் நாற்காலி காலியாவே கிடக்கும், அப்புறம் அதுல ஏஜென்சி ஆள் வந்து உக்காருவார், உங்கள விட ரொம்ப கம்மி சம்பளத்துக்கு. வெட்டுன்னு வந்தா மொத அடி அவருக்குத்தான். சாலைப் பணியாளர்கள கேட்டுப் பாருங்க, 1997ல எடுத்தவங்க, 2002 செப்டம்பர்ல சுமார் 10,000 பேர வீட்டுக்கு அனுப்பிட்டு 2006 பிப்ரவரியிலதான் திரும்ப எடுத்தாங்க. நடுவுல போன 41 மாசத்த சர்வீஸ்ல சேருங்கனு அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா அவங்க மனுவும் கையுமா அலைஞ்சாங்க.