திரும்பு காற்றுக்கு எவ்வளவு வழி வேண்டும்?

கேள்வி: எங்கள் வீட்டின் 3 டன் மைய ஏசியில், அடர்த்தியான ஃபில்டர் பொருத்தியதிலிருந்து, காற்று திரும்பிச் செல்லும் கிரில் சீறும் ஒலி எழுப்புகிறது. ஃபில்டர் 20 அங்குலச் சதுரம். பழைய மெல்லிய ஃபில்டருக்கே மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டாம், போதாமல் இருப்பது ஃபில்டரின் பரப்புதான். டன்னுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 கன அடி எனக் கொண்டால், உங்கள் கருவி இழுக்கும் 1,200 கன அடிக் காற்று, 2.8 சதுர அடிகூட இல்லாத அந்த ஃபில்டரை நிமிடத்துக்கு 430 அடிக்கும் மேற்பட்ட வேகத்தில் கடக்கிறது. இதனை 300 அடிக்குள் வைத்திருப்பதே நல்லது என்பதால், 4 சதுர அடிக்குக் குறையாத பரப்பு, அதாவது 20க்கு 30 அங்குல ஃபில்டர், உங்களுக்குத் தேவை. கிரில்லின் தகடுகள் மறைக்கும் இடத்தைக் கழித்தே அதன் திறப்பைக் கணக்கிடுங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். சுவரில் இடமில்லையெனில், போதிய அகலமுள்ள டக்ட்டுடன் (காற்றுக் குழாயுடன்) இரண்டாவது கிரில் அமைக்கலாம். தள்ளிப்போடாதீர்கள்: காற்றோட்டம் மிகவும் குறைந்தால் காற்றைக் குளிர்விக்கும் காயிலில் பனி உறைந்து, கம்ப்ரஸரும் பழுதாகக்கூடும்.