டென்னிஸ் ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஆனால் தரவரிசை மட்டும் போதாது. அது கடந்த 52 வாரங்களில் சேர்த்த புள்ளிகளின் கணக்கு. யாரைத் தோற்கடித்தார் என்பதை அது பார்ப்பதில்லை. எலோ (Elo) என்ற மதிப்பீட்டு முறை பார்க்கும்: வலுவான எதிராளியை வென்றால் மதிப்பு கூடுதலாக ஏறும். நான் முதலில் எடுப்பது எலோவைத்தான்.

அப்புறம் ஆடுகளத்தின் தளம். இதைத்தான் பலர் குறைத்து எடைபோடுகிறார்கள். களிமண்ணில் பந்தின் வேகம் குறைந்து உயரமாக எழும்பும். புல்லில் தாழ்வாகச் சறுக்கி வரும். நல்ல சர்வீஸ் உள்ளவருக்கு அங்கே கொண்டாட்டம். நடால் பிரெஞ்சு ஓபனை 14 முறை வென்றவர், விம்பிள்டனை 2 முறைதான். அதனால் தளவாரியாகத் தனித்தனி எலோ போட்டுப் பாருங்கள்.

காயம், களைப்பு இரண்டையும் கவனியுங்கள். ஆட்டத்தின் நீளத்தையும் பாருங்கள்: மூன்று செட் ஆட்டத்தைவிட ஐந்து செட் ஆட்டத்தில் பலமானவர் சுதாரித்துக்கொள்ள நேரம் இருக்கிறது.

சரி, இவ்வளவு பார்த்தாலும் கிடைப்பது சதவீதம்தான், உறுதி அல்ல. 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் எடுத்தது 218 புள்ளிகள், ஜோகோவிச் 204. கோப்பை ஜோகோவிச்சுக்குப் போனது, மூன்று டைபிரேக்கையும் (செட் சமனில் நிற்கும்போது அதை முடிவுசெய்ய ஆடும் கேம்) அவரே வென்றதால்.