மருத்துவர் பதில்: லண்டன் சங்கம் மருந்து அனுப்புமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 27. போன வருடம் ஒரு கண் மங்கியது, பிறகு கால் விறைத்தது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். லண்டனில் இருக்கும் என் தங்கை, அங்கே இந்த நோய்க்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது என்கிறாள். அவர்கள் மருந்து அனுப்புவார்களா? மத்தியானமானால் பிள்ளை எழும்பவே மாட்டாள். சொந்தக்காரர் சோம்பல் என்கிறார்கள்.
- ஒரு தாய், நெல்லியடி

பதில்: அம்மா, முதலில் அந்தக் களைப்பு. அது சோம்பல் இல்லை. எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) வந்தவர்களில் பெரும்பாலானோரை வாட்டுவது அதுதான்.

இந்த நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறையைத் தாக்குகிறது. உறை போன நரம்பில் செய்தி மெதுவாகத்தான் போகும். உடம்பு சூடானால் இன்னும் மெதுவாகும். சித்திரை வெயிலில் போய்வந்தாலோ, விறகடுப்படியில் நின்றாலோ கண் மங்கும், கால் பாரமாகும். குளித்து, காற்றாடிக்குக் கீழே இருந்தால் கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆகிவிடும். நோய் கூடிவிட்டதென்று பயப்பட வேண்டாம். சமையலையும் கடைக்குப் போவதையும் காலையிலேயே முடிக்கட்டும், மத்தியானம் படுக்கட்டும். ஆனால் புதிதாக ஒரு குறை தோன்றி 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால், கிளினிக் திகதி வரும்வரை பொறுக்காமல் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். காய்ச்சலோ சலத்தில் கிருமித் தொற்றோ இருந்தாலும் பழைய குறைகள் தலைதூக்கும், அதையும் சோதிப்பார்கள்.

சரி, சங்கத்துக்கு வருவோம். தங்கை சொல்வது 1953 முதல் பிரித்தானியாவில் இயங்கும் எம்.எஸ். சொசைட்டியாக இருக்கலாம். அவர்கள் மருந்து அனுப்புவதில்லை. அங்கேயும் மருந்து ஆஸ்பத்திரி வழியாகத்தான். சங்கம் பார்ப்பது மற்றதையெல்லாம்: வேலையிடத்தில் நோயைச் சொல்லலாமா, அரச உதவிப்பணத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று தொலைபேசியில் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். நோயுள்ளவர்கள் ஊருக்கு ஊர் கூடிப் பேசுகிறார்கள். ஆராய்ச்சிக்கும் சங்கம் பணம் கொடுக்கிறது.

அமெரிக்காவில் இப்படியொரு சங்கம் பிறந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. சில்வியா லோரி என்ற பெண் தன் தம்பிக்கு வந்த எம்.எஸ்ஸிலிருந்து குணமானவர் யாராவது இருக்கிறார்களா என்று 1945இல் பத்திரிகையில் விளம்பரம் போட்டார். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதே கேள்வியைத்தான் கேட்டன. அடுத்த ஆண்டே சங்கம் தொடங்கிவிட்டார். குணமானவர் கிடைக்கவில்லை, ஆனால் கூட்டாளிகள் கிடைத்தார்கள்.

ஆகவே தங்கையிடம் மருந்து கேட்காதீர்கள். களைப்பைப் பற்றிச் சங்கம் எழுதியிருப்பதைத் தமிழில் வாசித்து, குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். அதைச் சொந்தக்காரருக்கும் போட்டுக் காட்டுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும்: கலியாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் இந்த நோய் தடையில்லை. இது தொற்றவும் மாட்டாது. சில மருந்துகளைக் கர்ப்பத்துக்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், அந்த எண்ணம் வந்ததும் நரம்பியல் நிபுணரிடம் சொல்லிவிட வேண்டும். தானாக எதையும் நிறுத்தக் கூடாது.

கால் விறைப்புக்கு இயன்மருத்துவம் (பிசியோதெரபி) எழுதித் தரும்படி கிளினிக்கில் கேளுங்கள். நடக்க உதவிப் பொருள் தேவைப்பட்டால் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். அப்புறம் ஒன்று: மற்ற நோயாளிகளின் விபரத்தை மருத்துவர் தர மாட்டார், தரவும் கூடாது. ஆனால் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்து, இதே நோயுள்ள குடும்பம் யாராவது பேச விரும்பினால் கொடுக்கச் சொல்லலாம். அடுத்த கிளினிக்கிலேயே கொடுத்துவிடுங்கள்.