ஐந்து வெங்காயம் கேட்டால் கைநிறைய அள்ளிவரும் மகள்

சகோதரி, உங்கள் நான்கு வயது மகள் இருபது வரை தடங்கல் இல்லாமல் சொல்கிறாள், ஆனால் ஐந்து வெங்காயம் கேட்டால் கைநிறைய அள்ளி வருகிறாள், பயிற்சிக் கொப்பியைக் கண்டாலே அழுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். கவலைப்பட வேண்டாம். எண்களை வரிசையாக ஒப்பிப்பது ஒரு திறன். ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று பொருத்தி, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று விளங்கிக்கொள்வது வேறு திறன். பிள்ளைகளுக்கு அது பிந்தித்தான் வரும்.

கொப்பியை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள், பாவம் பிள்ளை. சாப்பாட்டு நேரத்தில் அப்பாவுக்கு ஒன்று, அம்மம்மாவுக்கு ஒன்று என்று அவளே தட்டு வைக்கட்டும். குறைந்தால் தானே கண்டுபிடிப்பாள். வெங்காயம் முதலில் இரண்டு அல்லது மூன்று மட்டும் கேளுங்கள். ஒவ்வொன்றையும் தொட்டு, ஒரு பக்கம் நகர்த்தி எண்ணட்டும். முடிந்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். அவள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால் கண்டிக்காமல், "ஆமாம், மூன்று" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

நீங்களும் திருகோணமலை என்பதால் சொல்கிறேன்: டச்சுக் குடாக் கடற்கரையில் பொறுக்கும் சிப்பிகளை வரிசையாக அடுக்கி எண்ணலாம். கோட்டைப் பக்கம் திரியும் மான்கள் பிறகு. அசைபவற்றை எண்ணுவது இந்த வயதில் கடினம். பிட்டுக்கு மா அளக்கும்போது சுண்டுப் பேணியை அவள் கையில் கொடுங்கள், சிந்தினால் சிந்தட்டும். மூன்று தடுமாறாமல் வந்த பிறகு நான்குக்குப் போங்கள்.