ஒரே கறிவேப்பிலைச் செடியில் இரண்டு விதப் பட்டாம்பூச்சி?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். தொட்டிக் கறிவேப்பிலையில் இருந்த புழுக்களை பிளாஸ்டிக் டப்பாவில் வளர்த்தோம். ஒன்று கருப்பில் வெள்ளைப் பொட்டு வரிசையோடு வந்தது. இன்னொன்றுக்குப் பின்சிறகில் வெள்ளையும் சிவப்பும். மூன்றாவதற்குச் சிறகு சுருங்கிவிட்டது. இவை வேறு வேறு இனங்களா, குறைபாடா?

பதில்: முதல் இரண்டும் ஒரே இனம்தான், கறிவேப்பிலை அழகி, அதாவது காமன் மார்மன். ஆண் எப்போதும் கருப்பு, பின்சிறகின் குறுக்கே வெள்ளைத் திட்டு வரிசை, வால். பெண்ணில்தான் வேடிக்கை. ஒரு வடிவம் ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று ரோஜா அழகி என்ற வேறொரு இனப் பட்டாம்பூச்சியைப் போல, பின்சிறகு நடுவில் வெள்ளை, சுற்றிலும் சிவப்பு. உங்களிடம் வந்தது இதுதான். பெண்ணின் மூன்றாவது வடிவம் சிவப்புடல் அழகி என்ற இன்னோர் இனத்தைப் போல, முன்சிறகில் வெள்ளைப் பட்டை, பின்சிறகில் சிவப்புப் பொட்டுகள். இந்த இரண்டு அழகிகளும் புழுப் பருவத்தில் ஆடுதின்னாப்பாளை இனக் கொடிகளைத் தின்று உடம்பில் நஞ்சேற்றிக்கொள்பவை, பறவைகள் தொடாது. அந்தப் பாதுகாப்பைக் கறிவேப்பிலை அழகிப் பெண் வேஷத்தாலேயே வாங்கிக்கொள்கிறது. டபுள்செக்ஸ் என்ற மரபணு இதை முடிவு செய்கிறது. வேஷ வகை ஓங்கியது, அதாவது தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே மகளில் வெளிப்படும் என்பதால், ஒரே தாயின் மகள்களில் இரண்டு சாயலும் வரலாம்.

சந்தேகம் வந்தால் சிறகைப் பார்க்காதீர்கள், உடம்பைப் பாருங்கள். அசல் ரோஜா அழகிக்குத் தலையும் வயிற்று முனையும் சிவப்பு. நகலுக்கு உடம்பு முழுக்கக் கருப்பு. கறிவேப்பிலையில் வளர்ந்தது என்பதே பாதி விடை. ஆனால் வால் இல்லாமல் மஞ்சள் திட்டுகளோடு வந்தால் அது எலுமிச்சை அழகி. அதுவும் இதே இலையைத் தின்னும்.

சுருங்கிய சிறகு நிறவேறுபாடு அல்ல, பெரும்பாலும் டப்பாவின் கோளாறு. வெளிவந்ததும் பூச்சி மேலே ஏறி, சிறகைத் தொங்கவிட்டு, உடம்பின் நீரை நரம்புகளில் செலுத்தி விரிக்கும். வழவழப்பான சுவரில் கால் பிடிக்காமல் விழுந்தால் அப்படியே காய்ந்துவிடும். பிறகு நிமிர்த்த முடியாது. சொரசொரப்பான குச்சியைச் சாய்த்து வையுங்கள். டப்பா ஓரடி உயரமாவது இருக்கட்டும், மூடிக்குப் பதில் வலைத்துணி. எச்சத்தைத் தினமும் அள்ளிவிடுங்கள். நம்மூர் ஈரக்காற்றில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். கூட்டுப்புழு அறுந்து விழுந்திருந்தால் குச்சியின் அடியிலேயே துணிமேல் கிடத்துங்கள், வெளிவரும் பூச்சி தானே ஏறிக்கொள்ளும்.

இரண்டு பின்சிறகிலும் ஒரே இடத்தில் துண்டு போயிருந்தால் அது பிறவிக்குறை அல்ல. சிறகு மூடியிருந்தபோது பறவை கொத்திய தடம்.